ஒரு கரண்டி உறைமோர்

வீட்டில் தயிர் தீர்ந்துபோகும் நாள்களில் ஆச்சி என் கையில் ஒரு சின்ன எவர்சில்வர் தம்ளரைக் கொடுத்து அடுத்த வீட்டுக்கு அனுப்புவாள். "ஏட்டி, விளக்கு வைக்கதுக்குள்ள போயிட்டு வந்துரு. பெரியம்மைட்ட ஆச்சி ஒறமோரு கேட்டான்னு சொல்லு." விளக்கு வைத்தபின் மோரும் உப்பும் வெளியே கொடுப்பதில்லை என்பது எங்கள் தெருவின் வழக்கம். நாங்கள் கோயிலுக்குப் போகும் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். பெரியம்மை வீட்டார் கிருத்திகை தவறாமல் விரதம் இருப்பவர்கள். உறைமோர் கேட்கும்போது அந்த வேறுபாடு யாருக்கும் நினைவில் வந்ததில்லை. பெரியம்மை தயிர்ச்சட்டியின் ஓரமாக ஒரு கரண்டி எடுத்துத் தம்ளரில் விடுவாள். அவ்வளவுதான்.

ஒருநாள் வெறுங்கையோடு போய் நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. பலகாரம் வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக்கூடாது என்று ஆச்சியே சொல்லிக் கொடுத்திருக்கிறாள், இல்லையா? எங்கள் முற்றத்து மரத்திலிருந்து அரைநெல்லிக்காயைப் பறித்துத் தம்ளர் நிறையப் போட்டுக்கொண்டு போனேன். பெரியம்மை கரண்டியோடு வந்தவள் தம்ளரைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "ஏட்டி, இதுல நெல்லிக்காய நெறச்சிக் கொண்டாந்தா மோர எங்க ஊத்த? மொதல்ல கீழ தட்டு."

ஞாயிறு பள்ளியில் பல வருடங்களாகப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். கிருபையினால் இரட்சிப்பு, விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுதல் என்ற சொற்களைக் கரும்பலகையில் எழுதிவிட்டுப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தால், அவர்கள் அந்தச் சொற்களைப் பாடல்களில் நூறுமுறை பாடியிருப்பார்கள், ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. அப்போதெல்லாம் எனக்கு அந்தத் தம்ளர்தான் கைகொடுத்திருக்கிறது. ஒரு கரண்டி உறைமோர் ஒரு சட்டிப் பாலை என்ன செய்கிறது என்று நிதானமாகப் பார்த்தால், இரண்டாயிரம் வருடக் கிறிஸ்தவ இறையியலின் பெரிய சண்டைகள் அத்தனையும் அந்த அடுப்படியிலேயே தெரியும். உவமை எங்கே உடைகிறது என்பதும் தெரியும். உடையும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன்.

பாலில் இருந்து தொடங்குவோம்

பால் நல்ல பொருள். இதை முதலில் சொல்ல வேண்டும். பாவத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் மனிதனை ஏதோ விஷம் போலச் சித்திரிக்கும்போது எனக்கு மனம் ஒப்புவதில்லை. ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் கடவுள் தாம் படைத்ததைப் பார்த்து நல்லதென்று கண்டதாகத்தான் வேதம் தொடங்குகிறது. பிரச்சினை பால் கெட்டது என்பதில் இல்லை. காய்ச்சிய பால் தன் பலத்தால் தயிராக முடியாது என்பதுதான் பிரச்சினை. காய்ச்சும்போது அதிலிருந்த நுண்ணுயிர்களில் பெரும்பாலானவை செத்துவிடுகின்றன. அப்படியே மூடி வைத்தால் அது காத்திருக்கும், பிறகு திரிந்து நாறும். எவ்வளவு நல்ல பசுவின் பாலாக இருந்தாலும் இதே கதைதான். எருமைப்பால் கெட்டியானது என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம், அதுவும் உறை இல்லாமல் தயிராகாது.

நான்காம் நூற்றாண்டின் இறுதியில் பிரிட்டனில் இருந்து ரோமுக்கு வந்த பெலாகியுஸ் என்ற துறவி, மனிதனும் இப்படித்தான் என்பதை ஏற்கவில்லை. அவர் கெட்ட மனிதர் அல்லர். ரோமில் பெயருக்குக் கிறிஸ்தவர்களாக இருந்தவர்களின் ஒழுக்கச் சோம்பலைக் கண்டு நொந்தவர். கடவுள் கட்டளை கொடுத்திருக்கிறார் என்றால் அதைக் கைக்கொள்ளும் சக்தியையும் நம்மிடம் வைத்திருப்பார், மனது வைத்தால் முடியும் என்பது அவருடைய வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. வட ஆப்பிரிக்காவில், இன்றைய அல்ஜீரியாவின் கரையில், இப்போ நகரத்தின் ஆயராக இருந்த அகுஸ்தீன் அதை மறுத்தார். அவருக்குத் தம் சொந்த வாழ்க்கையே சாட்சி. சரி எது என்று தெரிந்திருந்தும், அதைச் செய்ய விரும்பியும், விருப்பமே இரண்டாகப் பிளந்து நின்ற வருடங்களை அவர் கடந்து வந்திருந்தார். பாலிடம் போய் "நீ தயிராகு" என்று கட்டளையிடுவதால் ஒன்றும் நடக்காது என்பதை அனுபவத்தில் கண்டவர். 418-இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் பெலாகியுஸின் போதனையைத் தள்ளினார்கள். 529-இல் தென் பிரான்சின் ஆரஞ்சு நகரில் கூடிய சங்கம் இன்னும் ஒரு படி போய், விசுவாசிக்க வேண்டும் என்ற முதல் விருப்பம்கூடக் கிருபையின் வேலைதான் என்றது.

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும். என் வகுப்பில் ஒரு பையன் கேட்டேவிட்டான்: "பச்சைப்பால் தானாவே புளிக்குமே டீச்சர்?" உண்மை. காய்ச்சாத பாலில் இயற்கையாகவே நுண்ணுயிர் இருக்கிறது. மனிதனுக்குள் நன்மையின் துளி ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்ற கேள்விக்கு எல்லாச் சபைகளும் ஒரே பதில் சொல்வதில்லை. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபை மனிதனுக்குள் மங்கிய தேவசாயலைப் பற்றி அதிகம் பேசும். கால்வினின் வழிவந்த சபைகள் வீழ்ச்சியின் ஆழத்தைப் பற்றி அதிகம் பேசும். ஆனால் கடவுளின் கரண்டி வந்து விழாமல் காரியம் ஆகாது என்பதில் இவர்களுக்குள் பிணக்கு இல்லை.

மொய் நோட்டில் ஏறாத கொடை

இப்போது கரண்டிக்கு வருவோம். ‘கிருபை’ என்று நாம் சொல்வதற்குப் புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல் ‘காரிஸ்’. பவுல் அந்தச் சொல்லைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. கொடை, தயவு, அதற்குக் காட்டும் நன்றி என்று எல்லாவற்றுக்கும் கிரேக்க உலகம் அதே சொல்லைத்தான் பயன்படுத்தி வந்தது. அந்த உலகத்தின் கொடை எப்படிப்பட்டது என்பது நமக்குச் சுலபமாகப் புரியும், ஏனென்றால் நம்மிடம் மொய் இருக்கிறது. கல்யாண வீட்டு வாசலில் ஒருவர் நோட்டோடு உட்கார்ந்திருப்பார். யார், எந்த ஊர், எவ்வளவு என்று எழுதுவார். அடுத்து அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு நாம் போகுமுன் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்து, வந்ததற்குக் குறையாமல் வைப்போம். இதில் அன்பு இல்லை என்று சொல்லமாட்டேன், நிறையவே இருக்கிறது. ஆனால் கணக்கும் இருக்கிறது. பவுல் வாழ்ந்த அதே காலத்தில் ரோமில் வாழ்ந்த தத்துவஞானி செனெக்கா, கொடைகளைப் பற்றி ஒரு முழு நூலே எழுதினார். அதில் அவர் திரும்பத் திரும்பச் சொல்லும் அறிவுரை, தகுதியான ஆளாகப் பார்த்துக் கொடு என்பது.

பவுல் இந்த இடத்தில்தான் தம் காலத்தைத் தலைகீழாக்கினார். கிறிஸ்து தகுதியுள்ளவர்களுக்காக அல்ல, நாம் பாவிகளாய், பகைவர்களாய் இருந்தபோதே நமக்காக மரித்தார் என்று ரோமருக்கு எழுதிய கடிதத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் வாதிடுகிறார். பிரிட்டனின் புதிய ஏற்பாட்டு அறிஞர் ஜான் பார்க்லே 2015-இல் வெளியிட்ட ஒரு பெரிய ஆய்வு நூலில் இதைத்தான் பவுலின் தனித்தன்மையாகக் காட்டுகிறார்: பெறுகிறவரின் தகுதியோடு பொருந்தாத கொடை. இயேசு சொன்ன திராட்சைத்தோட்டக் கதையிலும் கடைசி ஒரு மணி நேரம் மட்டும் வேலை செய்தவனுக்கு, நாள் முழுவதும் வெயிலில் நின்றவனுக்குக் கிடைத்த அதே ஒரு தெனாரியம் கிடைக்கிறது. கூலிக் கணக்கில் இது அநியாயம். அந்தக் கதை கூலியைப் பற்றியதே அல்ல என்பதுதான் அதன் கருத்து.

உறைமோரை எந்த வீட்டிலும் நோட்டில் எழுதி நான் பார்த்ததில்லை. அரிசி கைமாற்று வாங்கினால் படி கணக்கு உண்டு, சீனிக்கும் காப்பித்தூளுக்கும் உண்டு. உறைமோருக்கு மட்டும் இல்லை.

ஆனால் இலவசம் என்றால் யாருக்கும் செலவே இல்லை என்று பொருள் அல்ல. பெரியம்மையின் தொழுவத்தில் விடியற்காலையில் யாரோ எழுந்து சாணி அள்ளி, கழனித்தண்ணீர் வைத்து, பால் கறந்து, காய்ச்சி, முந்தின இரவே உறை ஊற்றியதால்தான் அந்தச் சட்டியில் தயிர் இருந்தது. வாங்குகிற எனக்கு விலை இல்லை, கொடுத்தவளுக்கு உண்டு. கிறிஸ்தவ விசுவாசத்தில் அந்த விலையின் பெயர் சிலுவை. பொந்தியு பிலாத்து ஆண்ட நாள்களில் எருசலேமின் மதிலுக்கு வெளியே நடந்த ஒரு சாவு அது. அதை மறந்துவிட்டுக் கிருபையை விற்றுத் தீர்க்கும் சரக்காக நடத்துகிறார்களே என்று டீட்ரிக் போன்ஹோஃபர் 1937-இல் வெளிவந்த தம் நூலில் கொதித்தார். மலிவான கிருபை என்று அவர் பெயரிட்டது இதைத்தான். ஹிட்லரின் ஆட்சி அவரை 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளோசன்பர்க் முகாமில் தூக்கிலிட்டது. கிருபையின் விலையைப் பற்றி எழுதியவர், தாமும் விலை கொடுத்தே போனார்.

தம்ளர்

என் பிள்ளைகள் அதிகம் குழம்புவது இங்கேதான், பெரியவர்களும்தான். கிருபை கடவுளுடைய பங்கு, விசுவாசம் நம்முடைய பங்கு, இரண்டையும் கூட்டினால் இரட்சிப்பு என்று பலர் மனதில் ஒரு கணக்கு ஓடுகிறது. பாதி அவர் போட, பாதி நாம் போட என்பதுபோல. இந்தக் கணக்கு தப்பு. விசுவாசம் மோர் அல்ல. அது தம்ளர்.

எபேசியருக்கு எழுதிய கடிதத்தின் இரண்டாம் அதிகாரத்தில் இது இலக்கணமாகவே இருக்கிறது. நம்முடைய பழைய தமிழ் வேதாகமத்தை எடுத்து எட்டாம் வசனத்தைப் பாருங்கள். கிருபைக்கு ‘ஆல்’ என்ற உருபு வரும். விசுவாசத்துக்குக் ‘கொண்டு’ என்ற சொல்லுருபு வரும். பள்ளியில் மூன்றாம் வேற்றுமை படித்த எவருக்கும் அந்த இரண்டின் இடையிலிருக்கும் மெல்லிய வேறுபாடு புலப்படும். தண்ணீரால் தாகம் தீர்கிறது, செம்பைக் கொண்டு குடிக்கிறோம். தாகத்தைத் தீர்த்தது செம்பு என்று யாரும் சொல்வதில்லை. கிரேக்க மூலத்திலும் இந்த வேறுபாடு உண்டு. மொழிபெயர்த்தவர்கள் அதைத் தவறவிடாமல் தமிழில் பிடித்து வைத்தது எனக்கு எப்போதும் நெகிழ்ச்சியாக இருக்கும். கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து உருவாக்கி 1995-இல் வெளிவந்த திருவிவிலியத்தில் கிருபை ‘அருள்’ ஆகிறது, விசுவாசம் ‘நம்பிக்கை’ ஆகிறது, இரட்சிப்பு ‘மீட்பு’ ஆகிறது. சொற்கள் மாறினாலும் அந்த வேறுபாடு மாறவில்லை.

சீர்திருத்தக் காலத்து இறையியலாளர்கள் விசுவாசத்தை மூன்றாகப் பிரித்துக் காட்டினார்கள். அறிதல், ஒப்புக்கொள்ளுதல், சார்ந்துகொள்ளுதல். பெரியம்மை வீட்டில் தயிர் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அது அறிதல். கேட்டால் தருவாள் என்று ஒத்துக்கொள்கிறேன், அது இரண்டாவது. இந்த இரண்டோடு நான் எங்கள் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தால் இரவுப் பால் அப்படியே கிடக்கும். எழுந்து, தம்ளரை எடுத்து, அவள் வாசலில் போய் நிற்பது மூன்றாவது. யாக்கோபு தம் கடிதத்தில், கடவுள் ஒருவர் உண்டென்று பிசாசுகளும் நம்பி நடுங்குகின்றன என்று சொன்னபோது, முதல் இரண்டிலேயே நின்றுவிடும் விசுவாசத்தைத்தான் சுட்டிக்காட்டினார்.

தம்ளர் எவ்வளவு பெரியது என்பது பொருட்டே அல்ல. ஒரு லிட்டர் பாலுக்கு ஒரு சின்னக் கரண்டி உறை போதும். அண்டாவைக் கொண்டுபோனால் தயிர் உயர்ந்ததாக ஆகிவிடாது. கடுகளவு விசுவாசம் போதும் என்று இயேசு சொன்னது சும்மா ஆறுதலுக்கு அல்ல. வேலையைச் செய்வது தம்ளர் அல்ல என்பதால் அப்படிச் சொன்னார். மாற்கு ஒன்பதாம் அதிகாரத்தில் வலிப்பு வந்த மகனைக் கொண்டுவந்த தகப்பன், நம்புகிறேன் என்ற மூச்சிலேயே என் அவநம்பிக்கைக்கு உதவி செய்யும் என்றும் கதறுகிறான். விரிசல் விட்ட தம்ளர். அந்தப் பையன் குணமாகிறான்.

அளவைவிட முக்கியமானது அது வெறுமையாக இருப்பது. இங்கேதான் என் நெல்லிக்காய் வருகிறது. லூக்கா பதினைந்தாம் அதிகாரத்தில் ஊதாரி மகன் வீடு திரும்பும் வழியிலேயே ஒரு பேச்சைத் தயார் செய்துகொள்கிறான். அதன் கடைசி வரி, மகனாக வேண்டாம், உம் கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளும் என்பது. வேலை செய்து கடனைக் கழிக்கிறேன் என்ற ஏற்பாடு. தகப்பன் ஓடிவந்து கட்டிக்கொண்ட பிறகு மகன் பேசத் தொடங்குகிறான். கதையைக் கவனமாகப் படித்தால், அந்தக் கூலி வரியை அவன் சொல்வதே இல்லை. அதற்குள் தகப்பன் வேலைக்காரரைப் பார்த்து அங்கி கொண்டுவரச் சொல்லிவிடுகிறார். தம்ளரில் இருந்த நெல்லிக்காய் தரையில் கொட்டிவிட்டது.

விட்டன்பர்க் துறவியின் சிக்கல்

மார்ட்டின் லூத்தர் 1505-இல் எர்ஃபர்ட் நகரின் அகுஸ்தீன் மடத்தில் சேர்ந்தார். நோன்பு, இரவு விழிப்பு, மணிக்கணக்கில் பாவ அறிக்கை. அறிக்கை செய்துவிட்டுப் போனவர், விட்டுப்போன ஒன்று நினைவுக்கு வந்து திரும்பி ஓடிவருவார். அவருக்கு ஆன்ம வழிகாட்டியாக இருந்த ஸ்டாவ்பிட்ஸ் பொறுமையாகக் கேட்டவர். லூத்தரை அதிகம் வதைத்தது ரோமர் முதல் அதிகாரத்தில் வரும் தேவநீதி என்ற சொல். கடவுள் நீதியுள்ளவர் என்றால் பாவியைத் தண்டிப்பார், அதில் என்ன நற்செய்தி இருக்கிறது? விட்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் வேதம் கற்பித்த காலத்தில் இரவும் பகலும் இதைப் போட்டு உழன்றபோது, அந்த நீதி கடவுள் நம்மிடம் கேட்கும் நீதி அல்ல, நமக்குத் தரும் நீதி என்று அவருக்குத் திறந்தது. 1545-இல், சாவதற்கு முந்தின வருடம், பழைய நூல்களின் தொகுப்புக்கு எழுதிய முன்னுரையில் அந்தக் கணத்தைத் திறந்த வாசல் வழியாகப் பரதீசுக்குள் நுழைந்ததாக நினைவுகூர்கிறார். 1517 அக்டோபர் 31 அன்று பாவமன்னிப்புச் சீட்டு விற்பனைக்கு எதிராக அவர் எழுப்பிய 95 வாதங்களின் வேர் இந்த ஆன்மத் தவிப்பில்தான் இருந்தது. மொய் நோட்டைக் கடவுளின் வாசலிலும் கொண்டுவந்து வைத்துவிட்டார்களே என்ற கோபம் அது.

என் உவமை உடைவதும் லூத்தரிடம்தான். உறை விழுந்த பால் உள்ளுக்குள் மாறுகிறது. நுண்ணுயிர்கள் பாலின் சர்க்கரையை அமிலமாக்குகின்றன, அமிலம் ஏற ஏறப் புரதம் ஒன்றோடொன்று பிணைந்து கெட்டிப்படுகிறது. கடவுளுக்கு முன் நாம் நீதிமான்களாவது இப்படி உள்ளே நடக்கும் மாற்றத்தால்தான் என்றால், எவ்வளவு தூரம் மாறியிருக்கிறேன் என்று தினமும் சட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமே! லூத்தர் தப்பி வந்தது அந்தத் திறந்து பார்த்தலில் இருந்துதான். நம்மை நீதிமான்களாக்கும் நீதி நமக்கு வெளியே, கிறிஸ்துவிடம் இருக்கிறது, அது நம்முடையதாக எண்ணப்படுகிறது என்றார். 1520-இல் எழுதிய கிறிஸ்தவனின் சுதந்திரம் பற்றிய நூலில் இதற்கு அவர் எடுத்துக்கொண்டது கல்யாண உவமை. மணமகளின் கடன் மணமகனுடையதாகிறது, அவனுடைய சொத்து அவளுடையதாகிறது.

இதற்கும் எங்கள் அடுப்படியில் ஒரு கதை உண்டு. என் அம்மா பத்தொன்பது வயதில் கல்யாணமாகி வந்தபோது அவளுக்குச் சோறு வடிக்கத் தெரியாது. முதல் வாரத்தில் மூன்று தடவை குழைந்து, ஒரு தடவை அடிப்பிடித்து. ஆச்சி அந்தச் சோற்றையே எடுத்துப் போட்டுக்கொண்டு சாப்பிட்டாள், ஒரு சொல் சொல்லவில்லை. அரிசிப்பானைக்குப் பக்கத்து அலமாரியின் சாவி அம்மாவின் இடுப்புக்கு முதல் நாளே வந்துவிட்டது. அவள் அந்த வீட்டுக்காரியானது சோறு வடிக்கக் கற்றுக்கொண்ட பிறகு அல்ல. அந்த வீட்டுக்காரி ஆனதால், பயமில்லாமல் கற்றுக்கொண்டாள். இறையியலாளர்கள் நீதிமானாக்கப்படுதல் என்றும் பரிசுத்தமாக்கப்படுதல் என்றும் பிரித்துச் சொல்வது இந்த இரண்டையும்தான். சாவி முதல் நாள் வருகிறது. கைப்பக்குவம் வருடக்கணக்கில் வருகிறது.

கத்தோலிக்க சபை பதில் சொன்னது 1547 ஜனவரியில், திரெந்து சங்கத்தின் ஆறாவது அமர்வில். நீதியை எண்ணிக்கொள்வது மட்டும் போதாது, கிருபை மனிதனை உள்ளே உண்மையாகவே புதுப்பிக்கிறது என்றது. அதாவது சட்டிக்குள் நடக்கும் மாற்றத்தை விட்டுக்கொடுக்க மறுத்தது. பலர் நினைப்பதுபோல, நற்செயலால் இரட்சிப்பைச் சம்பாதிக்கலாம் என்று அது சொல்லவில்லை. நீதிமானாகும் கிருபையை அதற்கு முந்தின எதுவும், விசுவாசமோ செயலோ, ஈட்டித் தருவதில்லை என்று அதே ஆவணத்தின் எட்டாம் அதிகாரம் சொல்கிறது. இரு தரப்பும் ஒன்றையொன்று சபித்துக்கொண்டு ரத்தமும் சிந்திய பிறகு, 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்க சபையும் இதைப் பற்றி ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம் தகுதியால் அல்ல, கிருபையினால் மட்டுமே ஏற்கப்படுகிறோம், அந்தக் கிருபையே நம்மைப் புதுப்பித்து நற்செயலுக்கு அனுப்புகிறது என்பது அதன் சாரம். 2006-இல் மெத்தடிஸ்ட் சபைகளும் 2017-இல் சீர்திருத்த சபைகளின் உலக ஐக்கியமும் அதில் சேர்ந்துகொண்டன. எல்லா வேறுபாடும் தீர்ந்துவிடவில்லை. ஆனால் சாவியும் கைப்பக்குவமும் ஒரே வீட்டைச் சேர்ந்தவை என்று ஒப்புக்கொள்ள 450 வருடங்களுக்கு மேல் ஆனதை நினைத்தால் எனக்குத் துக்கமும் நன்றியும் சேர்ந்தே வருகிறது.

இந்தத் தருக்கம் தமிழ்நாட்டுக்கு அந்நியமானதும் அல்ல. 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்திறங்கிய லூத்தரன் போதகர் சீகன்பால்கு கிருபையைப் பற்றிப் பேச வந்த இடம், அருள் என்ற சொல்லைப் பல நூற்றாண்டுகளாக ஆழ்ந்து சிந்தித்த நாடு. குட்டி தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்கு நியாயமா, தாயே குட்டியைக் கவ்விச் செல்லும் பூனை நியாயமா என்று வைணவத்தில் வடகலையாரும் தென்கலையாரும் வாதிட்டது ஏறக்குறைய அகுஸ்தீன் காலத்துக் கேள்விதான். ஜெர்மானிய அறிஞர் ருடால்ஃப் ஓட்டோ இந்த ஒப்புமையை ஆராய்ந்து 1930-இல் ஒரு நூலே எழுதினார். வேறுபாடும் உண்டு. கிறிஸ்தவர்கள் கிருபையை ஒரு குறிப்பிட்ட மனிதரின் பிறப்போடும் சாவோடும் உயிர்த்தெழுதலோடும் பிரிக்கமுடியாமல் கட்டிவைக்கிறார்கள்.

தயிர் ஆன பிறகு

அப்படியானால் நற்செயல் எதற்கு? பவுலும் யாக்கோபும் இதில் மோதிக்கொள்வதாகச் சொல்வார்கள். இருவரும் ஆபிரகாமையே சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள். பவுல் ரோமர் நான்காம் அதிகாரத்தில் ஆதியாகமம் 15-ஐப் பிடித்துக்கொள்கிறார். ஆபிரகாம் வாக்குறுதியை நம்பினான், அப்போதே நீதிமானாக எண்ணப்பட்டான், விருத்தசேதனம் வருவது 17-ஆம் அதிகாரத்தில்தான். யாக்கோபு ஆதியாகமம் 22-ஐப் பிடிக்கிறார். ஈசாக்கைப் பலிபீடத்தில் கிடத்தியபோது அந்த விசுவாசம் செயலில் நிறைவடைந்தது என்கிறார். ஒருவர் பேசுவது உறை விழுந்த நேரத்தை. மற்றவர் பேசுவது மறுநாள் காலை சட்டியைச் சாய்த்துப் பார்க்கும் நேரத்தை. சாய்த்தால் பாலாகவே ஓடுகிறது என்றால், உறை விழுந்ததா என்றுதான் சந்தேகப்பட வேண்டும். தயிர் கெட்டியாக இருப்பது உறைமோருக்குக் கொடுத்த விலை அல்ல, உறைமோர் விழுந்ததன் விளைவு.

இன்னொன்றும் உண்டு. தயிரானது எதுவோ அதுவே அடுத்த வீட்டுக்கு உறையாகும். பெரியம்மை வீட்டில் தயிர் தீர்ந்த நாளில் அவள் மகன் எங்கள் வாசலில் தம்ளரோடு நிற்பான். ஆச்சி எடுத்துக் கொடுப்பது பெரியம்மை முன்பு கொடுத்ததன் தொடர்ச்சிதான். திருநெல்வேலிச் சீமையில் பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் கண் தெரியாதோருக்கு இல்லமும் கட்டிய பல தலைமுறைக் கிறிஸ்தவர்களைப் பார்க்கும்போது, அவர்கள் பரலோகத்துக்குப் படி கட்டினார்கள் என்று நான் நினைப்பதில்லை. வாங்கியதைக் கொடுத்தார்கள்.

உறை ஊற்றிய சட்டியை ஆச்சி நகர்த்த விடமாட்டாள். "அசைக்காத, ஒறையாது" என்பாள். அப்படி அசைக்கப்பட்ட ஒருவர்தான் இதை நான் எழுதக் காரணம், அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு மதினி முறை. சிறுநீரகம் பழுதாகி அவர் கணவர் இரண்டு வருடம் கிடந்தார். ஜெபிக்க வந்த ஒரு பிரசங்கியார், விசுவாசம் போதுமானதாக இருந்தால் எழுந்து நடப்பார் என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணாச்சி எழவில்லை. அடக்கம் முடிந்து எட்டு மாதமாக மதினி திருவிருந்துக்கு வரவில்லை. ஒரு சாயங்காலம் அவர் அடுப்படியில் உட்கார்ந்து கேட்டேன்.

"எனக்கு விசுவாசம் பத்தலம்மா. பத்தியிருந்தா அவுக இருந்திருப்பாக. இந்தக் கையோட போயி எப்பிடி வாங்க?"

எனக்கு ஆத்திரம் வந்தது, மதினியின் மேல் அல்ல. விசுவாசத்தையே ஒரு நெல்லிக்காயாக்கி, அது நிறையவில்லை என்று ஒரு விதவையின் தம்ளரைத் தட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அவருக்கு ரோமரையும் எபேசியரையும் நான் விளக்கவில்லை. பெரியம்மை வீட்டு வாசலில் நான் நின்ற கதையைச் சொன்னேன். தம்ளரில் ஏதும் இல்லாததால் அவள் என்னைத் திருப்பி அனுப்பியதில்லை, ஏதோ இருந்ததால்தான் கீழே தட்டச் சொன்னாள் என்றேன். மதினி ரொம்ப நேரம் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சட்டில பாலு ஆறிட்டு, ஒற ஊத்தணும்" என்று எழுந்தார்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு அவர் வந்தார். பின்வரிசையில் இருந்து எல்லாரும் போன பிறகு மெதுவாக நடந்து பீடத்தின் முன் முழங்காற்படியிட்டார். எங்கள் சபை வழக்கப்படி இடக்கையின் மேல் வலக்கையை வைத்து, உள்ளங்கை மேலே தெரியும்படி நீட்டினார். கை நடுங்கியது. ஆயர் அப்பத்தை வைத்தார். அவர் அதை வாயிலிட்டுக்கொண்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, வந்த வழியே திரும்பித் தம் இடத்துக்குப் போனார்.